வாலைப் பிடித்து வந்தவன்

ஆதியில் ஓன் என்ற தெய்வம் குந்தா மலை உச்சிக்குப் போய், பூமிக்குள்ளிருந்து எருமைகளை ஒவ்வொன்றாக மேலே வரவழைத்ததாம். அப்படி 1,600 எருமைகள் வந்தன. ஓனின் மனைவியும் தன் பங்குக்கு 1,800 எருமைகளை வரவழைத்தாள். ஓன் அழைத்த எருமைகளில் கடைசி எருமை வெளியே வந்தபோது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதனும் வந்து சேர்ந்தான். அவன்தான் முதல் தோடன்.

நீலகிரியில் வாழும் தோடர்கள் வழிவழியாகச் சொல்லி வந்த கதை இது. ரிவர்ஸ் என்ற ஆங்கில அறிஞர் அவர்களிடையே சில மாதங்கள் தங்கியிருந்து, 1906-ல் வெளியிட்ட பெரிய புத்தகத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார். பல தேசத்துச் சிருஷ்டிக் கதைகளை நான் படித்ததுண்டு. பெரும்பாலானவற்றில் மனிதன் மகாராஜாவைப் போல வந்து இறங்குவான். மரமும் மிருகமும் அவனுக்குக் கிடைத்த சீதனமாக இருக்கும். தங்கள் முதல் பாட்டனை, எருமை வாலைத் தொற்றிக்கொண்டு கடைசி ஆளாக வந்தவன் என்று சொல்லிக்கொள்ளும் ஜனங்களை வேறெங்கும் நான் சந்தித்ததில்லை.

இவ்வளவு அடக்கமாகத் தங்கள் பிறப்பைச் சொல்லிக்கொண்டவர்கள் மீது ஒரு பெரிய குற்றச்சாட்டு எழுந்தது. நீலகிரி மலையில் ஒரு காலத்தில் எங்கும் காடாக இருந்தது என்றும், இவர்கள் தீ வைத்தும் எருமை மேய்த்தும் அந்தக் காட்டை அழித்துப் புல்வெளியாக்கிவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். சொன்னவர்கள் சாமானியர்கள் அல்லர். சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், தாவர சாஸ்திரிகள், வன இலாகாவினர். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு எழுத்து கிடையாது. வழக்கு எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊட்டிக்குப் போய் வரும் நம்மில் பலர் நீலகிரி என்றால் ஓங்கி வளர்ந்த மரங்களையே நினைத்துக்கொள்கிறோம். பஸ் ஜன்னல் வழியே பார்த்து நாம் பரவசப்படுகிற கற்பூர மரமும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குடியேறியவை. இருநூறு வருஷங்களுக்கு முன் அந்த மேட்டு நிலம் வேறு விதமாக இருந்தது. சரிவுகளிலெல்லாம் அலை அலையாகப் புல். நீர் ஓடும் பள்ளங்களில் மட்டும் குட்டையான மரங்கள் நெருங்கி அடர்ந்த சோலைகள். இரண்டுக்கும் இடையில், வருஷம் முழுவதும் ஈரம் காயாத சதுப்பு நிலங்கள். சோலை என்ற நம்முடைய சொல்லைத்தான் ஆங்கிலப் புத்தகங்கள் 'ஷோலா' என்று எடுத்துக்கொண்டன.

அந்தப் புல்வெளியில் தோடர்கள் எருமை மேய்த்தார்கள். அவர்களுடைய குடியிருப்புக்கு மந்து என்று பெயர். நம் மன்றுக்கும் மந்தைக்கும் உறவான சொல். பீப்பாயைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்தாற்போல வளைந்த கூரையுள்ள வீடுகள். பக்கத்தில் அதே வடிவில் ஒரு பால் கோயில். உலகத்தில் வேறு எவரும் பால் கறப்பதையும் மோர் கடைவதையும் இவ்வளவு பெரிய வழிபாடாக ஆக்கியிருப்பார்களா என்பது சந்தேகம். கோத்தர்கள் அவர்களுக்குச் சட்டிபானையும் இரும்புச் சாமானும் செய்து கொடுத்தார்கள். படகர்கள் தானியம் கொடுத்தார்கள். குறும்பர்கள் காட்டுப் பொருள்கள் கொண்டு வந்தார்கள். தோடர்களிடமிருந்து எல்லோருக்கும் நெய் போயிற்று. ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' நாவலைப் படித்தவர்கள் இந்த மலை வாழ்க்கையின் படகர் பக்கத்தை அறிவார்கள்.

இவர்கள் நேற்று வந்தவர்களும் அல்லர். ஹொய்சள அரசன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி தோடர்களை அச்சுறுத்தியதாக 1117-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. 1603-ல் மலையாளக் கரையிலிருந்து மலையேறி வந்த ஃபெனிசியோ பாதிரியார், இவர்களைக் கண்டு பேசி எழுதி வைத்திருக்கிறார்.

1819-ல் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் ஸல்லிவன் மலை ஏறினார். அவர் ஊட்டியில் கட்டிய கல் பங்களாவும், ஓடையைத் தடுத்து அமைத்த ஏரியும் சரித்திரப் பிரசித்தமானவை. ஸல்லிவன் துரையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். இந்த நிலம் தோடர்களுக்கே முழு உரிமையானது, எடுத்துக்கொள்கிறவர்கள் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று அவர் வாதாடினார். சென்னை கவர்னராயிருந்த லஷிங்டன் துரைக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. ஆனால் ஸல்லிவனும் அந்த மலையில் தமக்குப் பெரும் நிலம் வைத்துக்கொண்டவர்தாம். உரிமை தோடருடையது என்று ஒரு கையால் எழுதிவிட்டு, மறு கையால் உருளைக்கிழங்கும் பார்லியும் பயிரிட்டார். நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்தால், முரணாக இருக்கிறதே என்று வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். சரித்திரத்துக்கு அந்தப் பயம் கிடையாது.

லஷிங்டனின் கட்சியே நாளடைவில் வென்றது. நிலத்தை அளக்கிறவனுக்கு மூன்று விதமான நிலம்தான் தெரியும். உழுத நிலம், மரம் நிற்கும் நிலம், மற்றது தரிசு. புல்வெளி மூன்றாவது கட்டத்தில் விழுந்தது. இந்த இடத்தில் நம்முடைய பழைய இலக்கணக்காரர்களை நினைத்துக்கொள்கிறேன். ஆடுமாடு மேய்க்கும் நிலத்துக்கு அவர்கள் முல்லை என்று பெயர் வைத்தார்கள். அதற்கென்று ஒரு தெய்வம், ஒரு பொழுது, ஓர் ஒழுக்கம் என்று எல்லாம் வகுத்தார்கள். மேய்ச்சல் நிலம் அவர்கள் கணக்கில் ஒருபோதும் காலி இடமாக இருந்ததில்லை. வரிக் கணக்கு எழுதியவர்களுக்கு மட்டும் அது ஒன்றுமில்லாத இடமாகத் தெரிந்தது. ஒவ்வொரு மந்தையும் சுற்றிக் கொஞ்சம் நிலத்தை அளந்து தோடர்களுக்கு ஒதுக்கினார்கள். மற்றதெல்லாம் சர்க்காருக்குச் சொந்தமாயிற்று.

இதற்குள் ஊட்டி வளர்ந்துகொண்டிருந்தது. சென்னை சர்க்கார் கோடையில் மலைக்கு மாறும் வழக்கம் வந்தது. துரைமார்களுக்குக் குளிர்காய விறகு வேண்டும். சமையலுக்கு விறகு வேண்டும். பங்களா கட்ட மரம் வேண்டும். ஊரைச் சுற்றியிருந்த சோலைகள் கோடாரிக்கு இரையாயின. விறகுப் பஞ்சம் வந்தது. 1843-ல் ஆஸ்திரேலியக் கற்பூர மரம் மலைக்கு வந்தது. பிறகு தோட்டம் தோட்டமாக அதை நட்டார்கள். 1882-ல் சென்னை மாகாண வனச் சட்டம் பிறந்தது.

சோலையை வெட்டியது பட்டணம். ஆனால் காட்டை அழித்தவன் என்ற பெயர் தோடனுக்கு வந்தது. அவன் செய்தது என்ன? கோடையில் முற்றிக் காய்ந்த புல்லுக்கு ஒரு முறையோடு தீ வைப்பான். மழை விழுந்ததும் எருமைக்கு இளம் புல் துளிர்க்கும். இதைத் தடுத்தார்கள். வனச் சட்டத்தின் கண்ணுக்குத் தீ என்றால் ஒரே தீதான். அடுப்பில் எரிவதும் வீட்டுக் கூரையில் எரிவதும் ஒன்று என்று சொல்வது போல இது.

நாடு விடுதலையடைந்த பிறகாவது கணக்கு மாறியதா என்றால், அதுதான் இல்லை. துரைகள் எழுதிய புத்தகத்தை நம்மவர்கள் அட்டை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டார்கள். தோல் பதனிட சீகைப் பட்டை தேவைப்பட்டது. சிறுமுகையில் செயற்கைப் பட்டு ஆலை ஏற்பட்டபோது மரக்கூழுக்கு மரம் தேவைப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களில் 'தரிசில் காடு வளர்ப்பு' என்ற நல்ல பெயரில் புல்வெளிகள் உழப்பட்டுச் சீகையும் கற்பூர மரமும் நடப்பட்டன. பைக்காராவிலும் குந்தாவிலும் மின்சாரத்துக்காக அணைகள் எழுந்து, பள்ளத்தாக்குகள் நீருக்குள் போயின. மின்சாரம் நமக்கு வேண்டியதுதான். அந்த வெளிச்சத்தில்தான் நான் இதை எழுதுகிறேன். ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்கினோம் என்ற கணக்கை ஒருவர் எழுதி வைக்க வேண்டாமா?

சில கணக்குகள் பிற்பாடு கிடைத்தன. அண்டையிலுள்ள பழனி மலையில், 1973 முதல் 2014 வரையில் எடுத்த வான்படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நாற்பது வருஷத்தில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோயிருந்தது. பெரும்பகுதியை விழுங்கியவை வளர்ப்பு மரக் காடுகளும் விவசாயமும். நீலகிரியில் கிளன்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்லும் சோலையுமாக விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டு, மண்வள ஆராய்ச்சியாளர்கள் பல வருஷம் தண்ணீரை அளந்தார்கள். மரம் நட்ட இடத்திலிருந்து இறங்கிய தண்ணீர் முதல் சுற்றில் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு கால் பங்கை எட்டியது. பவானியும் மாயாறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. ஈரோட்டு வயலில் மடை திறக்கிறவன் தோடனைப் பார்த்திருக்க மாட்டான். இருந்தாலும் அந்தப் புல்லுக்கு அவனும் கடன்பட்டவன்.

இனி வழக்கின் தீர்ப்புக்கு வருகிறேன். இரண்டு சாட்சிகள் வந்தார்கள்.

முதல் சாட்சி வன இலாகாவுக்குள்ளிருந்தே வந்தார். சி. ஆர். ரங்கநாதன் என்ற வன அதிகாரி 1938-ல் ஒரு கட்டுரை எழுதினார். நீலகிரியின் திறந்த சரிவுகளில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழுகிறது. அதைச் சோலை மரங்களின் கன்றுகள் தாங்குவதில்லை. ஆகவே புல்லும் இந்த மலைக்கு இயற்கையானதுதான் என்பது அவர் வாதம். அதே வருஷத்தில் இதை மறுத்து, எல்லாம் தீயினாலும் மேய்ச்சலினாலும் வந்தது என்று எழுதியவர்களும் உண்டு. வழக்கு இழுபட்டது.

இரண்டாவது சாட்சி மண்ணுக்கு அடியில் இருந்தது. முன்பு சொன்னேனே, சதுப்பு நிலம். அங்கே செத்து விழும் புல்லும் இலையும் முழுவதும் மக்குவதில்லை. தண்ணீரில் ஊறிக் கறுத்து, அடுக்கு மேல் அடுக்காகப் படிந்துவிடுகின்றன. மேலடுக்கு நேற்றையது, அடியடுக்கு பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தையது. தாவரங்கள் காற்றிலிருந்து கரியை எடுத்து உடம்பாக்கிக்கொள்ளும் முறையில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. மரங்களும் செடிகளும் பெரும்பாலும் ஒரு வகை. உஷ்ணமும் வறட்சியும் தாங்கும் பல புல் இனங்கள் மற்றொரு வகை. கரியில் லேசான அணுவும் கனமான அணுவும் கலந்திருக்கும் விகிதத்தைப் பார்த்து, ஒவ்வோர் அடுக்கும் எந்த வகைத் தாவரத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த ராமன் சுகுமார் மற்றும் சில விஞ்ஞானிகள் நீலகிரிச் சதுப்பை இப்படிப் படித்துப் பார்த்தார்கள். 1993-ல் முடிவு வெளிவந்தது. ஏறக்குறைய 20,000 வருஷத்துச் சரித்திரம் அந்தக் கறுப்பு மண்ணில் இருந்தது. உலகம் பனியுகத்தின் உச்சத்தில் இருந்தபோது, சுமார் 18,000 வருஷங்களுக்கு முன், பருவமழை குன்றி மலை வறண்டு கிடந்தது. அப்போது அங்கே புல்லே ஓங்கியிருந்தது. பிறகு மழை பலத்தபோது மற்ற வகைத் தாவரம் பெருகியது. மறுபடி வறண்டபோது மறுபடி புல் பரவியது. வானம் மாற மாற, புல்லும் சோலையும் முன்னும் பின்னுமாக நகர்ந்து வந்திருக்கின்றன.

தோடர்கள் எருமை ஓட்டிக்கொண்டு மலையேறிய காலத்தை எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் 18,000 வருஷத்துக்குக் கொண்டு போக முடியாது. புல் அவர்களுக்கு வெகு காலம் முந்தியது. அவர்கள் வைத்த தீ சில இடங்களில் புல்லின் எல்லையைச் சற்று அகலமாக்கியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இல்லாத காட்டை அழித்தார்கள் என்ற குற்றம் விழுந்துவிட்டது. எருமை வாலைப் பிடித்து வந்த கதையை எண்ணிப் பாருங்கள். முதலில் எருமை, கடைசியில் மனிதன் என்று எழுத்தறியாத பாட்டிமார்கள் சொன்ன வரிசை, பதிவேடுகள் சொன்ன வரிசையைவிட உண்மைக்கு அருகில் இருந்திருக்கிறது.

இதெல்லாம் பழைய கதைதானே, வழக்கு முடிந்துவிட்டது அல்லவா என்று வாசகர்கள் கேட்கலாம். முடியவில்லை என்பதால்தான் எழுதுகிறேன். இப்போது உலகம் சூடேறிக்கொண்டிருக்கிறது. காற்றில் ஏறிவிட்ட கரியைக் கீழே இறக்க வேண்டும் என்கிறார்கள். அதற்கு யாருக்கும் முதலில் தோன்றும் வழி மரம் நடுவது. ஓர் இடத்தில் காட்டை எடுத்துக்கொண்டால் மற்றோர் இடத்தில் மரம் நட்டு ஈடு செய்வதற்கு 2016-ல் ஒரு சட்டமும், அதற்குப் பெரும் நிதியும் ஏற்பட்டிருக்கின்றன. மரம் நடுவது புண்ணியம் என்று நம் பாட்டன் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். ஆனால் எங்கே நடுவது? யாராவது ஓர் அதிகாரி தேசப்படத்தை விரித்து, 'இங்கே காலி இடம் இருக்கிறது' என்று விரல் வைப்பார். அந்த விரல் எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியும். 1843-ல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

புல்வெளி தன் கரியின் பெரும்பகுதியை வேரிலும் மண்ணிலும் ஒளித்து வைத்திருக்கிறது. சதுப்போ அதைப் பல ஆயிரம் வருஷங்களாகப் பூட்டி வைத்திருக்கிறது. மேலே தீப் பட்டாலும் அடியிலுள்ள சேமிப்புக்குப் பெரிய சேதமில்லை. மரத் தோட்டத்தின் கரி கண்ணுக்குத் தெரிய மேலே நிற்கிறது. ஒரு வறட்சியில் தீப் பிடித்தாலோ ஒரு டெண்டரில் வெட்டப்பட்டாலோ மறுபடி காற்றுக்கே போய்விடும். சதுப்பை வடித்துக் காயவைத்தால், பூட்டி வைத்ததும் வெளியேறத் தொடங்கும். உறைபனி குறையக் குறைய, இதுவரை பனிக்கு அஞ்சி நின்ற மரங்களுக்கும் வழி திறந்துவிடும். சீகைக்கோ ஏற்கெனவே யாரும் நடத் தேவையில்லை. விதை விழுந்த இடத்தில் தானே காடாகிறது.

2019 ஆகஸ்டு 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சென்னையில் ஒரு வருஷம் பெய்வதில் பாதிக்கு மேல், அங்கே ஒரு பகல் ஓர் இரவில் பெய்துவிட்டது. சாலைகள் சரிந்தன, உயிர்கள் போயின. இனி மழை இப்படித்தான் வரும், அல்லது வராமலே இருக்கும் என்றால், மலையின் தலையில் தண்ணீரை வாங்கி நிதானமாக விடுகிற புல்லும் சதுப்பும் சமவெளிக்காரர்களாகிய நமக்கு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

தோடர்களை மகரிஷிகளாக்கி வைக்க எனக்கு விருப்பமில்லை. அப்படிச் செய்வது அவர்களைக் குற்றவாளிகளாக்குவதைப் போலவே சுலபமானது. 1901-ல் சுமார் 800 பேராக இருந்தவர்கள் இன்றும் இரண்டாயிரத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் படிக்கிறார்கள், உத்தியோகம் பார்க்கிறார்கள். பலர் சாதாரண வீடுகளில் வசிக்கிறார்கள். காய்கறி பயிரிடுகிறவர்களும் உண்டு. எருமைகளோ வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் பால் கோயிலுக்குக் கூரை வேய வேண்டுமென்றால் இன்றும் சதுப்பில் விளையும் ஒரு குறிப்பிட்ட புல் வேண்டும். உலகத்தில் மிக அரிதான புல் அது. அதைத் தேடி அவர்கள் முன்னைவிட வெகு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது. ஒரு மலையின் உடல்நிலையை அறிய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. நாட்டில் எந்த ஆராய்ச்சிச் சாலைக்கும் முன்பே, புல் குறைகிறது என்பது கூரை வேய்கிறவனுக்குத் தெரியும்.

2006-ல் பாராளுமன்றம் வன உரிமைச் சட்டம் செய்தது. காட்டில் வாழ்ந்தவர்களுக்குச் சரித்திரத்தில் அநீதி நடந்திருக்கிறது என்று அந்தச் சட்டத்தின் முகவுரையே ஒப்புக்கொள்கிறது. ஒரு சர்க்கார் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அபூர்வம். தமிழ்நாட்டிலோ வழக்கு, தடை என்று வருஷங்கள் கழிந்தன. 2016-ல் தடை நீங்கிய பிறகே பட்டா வழங்க வழி பிறந்தது. உலகத்தின் மறுகோடியில் லத்தீன் அமெரிக்காவைப் பற்றி, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பூர்வகுடிகளின் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்ட இடங்களில் காடு அழிவது குறைவு என்று அதுவும் சொல்கிறது. நிலம் தன்னுடையது என்ற நிச்சயம் உள்ளவன்தான் அதைப் பேரனுக்கென்று வைத்திருப்பான். இதற்கு ஐக்கிய நாடுகள் வரை போக வேண்டுமா? நம் ஊர்க் குடியானவனைக் கேட்டாலே சொல்வான்.

ஒரு நல்ல செய்தியையும் சொல்லிவிடுகிறேன். அந்நிய மரங்களை அகற்றிப் பழைய புல்லையும் சோலையையும் மீட்பதற்குத் தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கை வெளியிட்டிருக்கிறது. மலையில் சில இடங்களில் சீகையை வெட்டிப் புல் நடும் வேலை நடக்கிறது. புல் நடுவதற்குச் சம்பளம் கொடுக்கும் காலம் வரும் என்று எந்தத் துரையும் கனவு கண்டிருக்க மாட்டான். வேலை சிரமமானது, ஒரு தலைமுறையில் முடியாது. எந்தப் புல், எந்தச் சரிவில், எந்த மாதத்தில் என்ற கேள்விகளுக்குப் பாதி விடை புத்தகத்தில் இருக்கிறது. மீதி விடை மந்துகளில் உள்ள கிழவர்களிடமும் கிழவிகளிடமும் இருக்கிறது. அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. கேட்க வேண்டியதை இந்தப் பத்து இருபது வருஷத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.